கலைச்சொல்: 'கொள்கைப் பின்னல்' என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள அண்ணனுக்கும் கலைச்சொல் குழுவினருக்கும் வணக்கம்.

வங்கி, அறக்கட்டளை, தேர்வு நிறுவனம், ஆய்வு நிறுவனம் எல்லாம் சேர்ந்து நாட்டின் கல்விக் கொள்கைக்கு உரு கொடுக்கிற ஏற்பாட்டுக்கு அண்ணன் தந்த 'வெளித் தலையீட்டு வலை' என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. தலையீடு என்றாலே அரசு ஒருபக்கம், மற்றவர்கள் மறுபக்கம் என்று ஆகிவிடுகிறது. நடப்பது அப்படியில்லை.

பள்ளி மாணவர்களின் கற்றலை அளக்க அமைந்த 'பரக்' என்ற தேசிய மதிப்பீட்டு மையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை அமைக்கச் சொன்னது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட 'ஸ்டார்ஸ்' என்ற பள்ளிக்கல்வி மேம்பாட்டுத் திட்டத்திலும் அது இடம்பெற்றது. அந்தத் திட்டத்துக்கு உலக வங்கி 50 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. 2023இல் மையத்தைக் கட்டியெழுப்ப மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமான என்சிஇஆர்டியோடு சேர்ந்தது இடிஎஸ் என்ற அமெரிக்கத் தேர்வு நிறுவனம். இதில் யார் உள்ளே, யார் வெளியே? கொள்கை எழுதியதும் அரசு, கடன் வாங்கியதும் அரசு. கட்டளையிட்டவர் இவர்தான் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஆனால் நம் பிள்ளைகளை எப்படி அளப்பது என்பது அங்கேதான் முடிவாகிறது. அந்த இடத்துக்கு ஒரு பெயரே இல்லை என்றால் பெற்றோர் எதைச் சுட்டிக் கேள்வி கேட்பார்கள்?

அதனால்தான் 'கொள்கைப் பின்னல்' என்கிறேன். நம் பக்கத்தில் ஓலையால் பின்னும் கொட்டான் கூடையில் ஓர் ஓலை எங்கே உள்ளே போய் எங்கே வெளியே வருகிறது என்பது விரலால் தொடர்ந்து போனால்தான் தெரியும். இதுவும் அப்படித்தான்.

சொல்லில் பழியும் ஏறக்கூடாது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் வேர்விட்ட முறைதான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் வழியாகச் செயல்வழிக் கற்றலாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. யுனிசெஃபும் துணை நின்றது. அதுவும் கொள்கைப் பின்னல்தானே?

அப்புறம், பின்னலில் இருப்பவர்களைப் 'பங்காளர்' என்று சொல்ல வேண்டாம். காரைக்குடி வகுப்பறையில் அதைச் சொன்னால் ஒரே கோயிலைச் சேர்ந்த உறவுக்காரப் பங்காளிகள்தான் நினைவுக்கு வருவார்கள். 'தரப்பு' போதும்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

மறுமொழி:

தம்பிக்கு,

'பின்னல்' சரி, என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'தரப்பு' இடிக்கிறது. கோர்ட்டில் வாதி தரப்பு, பிரதிவாதி தரப்பு என்று எதிரெதிரே நிற்பவர்களைத்தான் அப்படிச் சொல்கிறோம். நீங்கள் வேண்டாம் என்ற பிரிவினையே மறுபடி உள்ளே வந்துவிடும். 'இணைவோர்' என்று போட்டு, இந்த 'பரக்' பத்தியையே ஒருமுறை எழுதிப் பாருங்களேன்.

தேவகோட்டையிலிருந்து அண்ணன்