ஐந்து வருட நலவாழ்வு உளவியல்: மூன்றாம் வருடத்தோடு இறங்கிவிடலாமா?

மூன்றாமாண்டு:
இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த படிப்பு. இளநிலைப் பட்டத்தோடு வெளியேறலாம், இல்லையென்றால் நலவாழ்வு உளவியலில் இன்னும் இரண்டு வருடம். இம்மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். நோயாளிகளோடு உட்கார்ந்து பேசத்தான் சேர்ந்தேன். இந்த செமஸ்டர் முழுக்க ரிக்ரஷன் என்கிற புள்ளியியல் கணக்கும், ஆய்வுக்கு நோயாளிகளிடம் கேட்கும் கேள்வித்தாள் தயாரிப்பும்தான். வெறுத்துவிட்டது. படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழையமாணவி:
நானும் உங்களை மாதிரி புலம்பியவள்தான். நான்காம் வருடம் ரத்த அழுத்த நோயாளிகளிடம் ஒரு கேள்வித்தாள் கொண்டுபோனேன். "மாத்திரை போட மறந்ததுண்டா?" என்று முதல் கேள்வி. ஒரு பெரியவர் "இல்லை" என்று டிக் அடித்தார். அவர் கையிலிருந்த மாத்திரை டப்பாவிலோ ஏழு நாள் இரவு மாத்திரையும் அப்படியே இருந்தது. கேட்டேன். "மறக்கலம்மா, வேணும்னேதான் போடல. போட்டா ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகணும். பக்கத்துல பேரன் தூங்குறான்" என்றார். நீர் பிரியும் மாத்திரை அது. டாக்டரிடம் சொன்னதும் காலைக்கு மாற்றிவிட்டார். இரண்டு நிமிட வேலை. அதுவரை அவர் ஃபைலில் 'ஒத்துழைப்பதில்லை' என்றுதான் இருந்தது!

என் கேள்வித்தாள் கணக்கில் அவர் ஒழுங்காக மருந்து எடுப்பவர். பொய்யும் சொல்லவில்லை, கேள்விதான் தப்பு. அன்றிரவே அதை மாற்றி எழுதினேன். நாள்பட்ட நோய்களுக்கு வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னது. மீதிப்பேர் ஏன் எடுப்பதில்லை என்று கேட்பதுதான் நம் வேலை. இலவசக் காசநோய் எக்ஸ்ரேவுக்கே ஏன் ஆள் வரவில்லை என்று 1950-களில் அமெரிக்காவில் யோசித்ததில் வந்ததுதான் நீங்கள் மனப்பாடம் செய்யும் 'ஹெல்த் பிலீஃப் மாடல்': நோயைப் பற்றி ஒருவர் என்ன நம்புகிறார் என்பதை வைத்து அவர் நடத்தையை விளக்கும் கோட்பாடு.

ரிக்ரஷன் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அது வேறு விஷயம்.

வழிப்போக்கன்:
ஒன்றை மறக்காதீர்கள். இந்தப் பட்டம் மட்டும் இருந்தால் சிகிச்சை தர உரிமம் கிடைத்துவிடாது. விதி இடத்துக்கு இடம் மாறும். மனச்சோர்வு, பதற்றத்துக்குச் சிகிச்சை தருவதுதான் ஆசை என்றால் கிளினிக்கல் உளவியலுக்கே போங்கள். மருத்துவமனைத் திட்டங்கள், புகை விட உதவுவது, ஆராய்ச்சி என்றால் இதிலேயே தொடரலாம்.

மூன்றாமாண்டு:
நன்றி அக்கா. என் கேள்வித்தாளிலும் முதல் கேள்வி "மறந்ததுண்டா?" தான். நாளைக்கு சமர்ப்பிக்க வேண்டும். நீங்கள் எப்படி மாற்றினீர்கள்?

பழையமாணவி:
"போன வாரம் எத்தனை நாள் போடவில்லை? அன்றைக்கு என்ன நடந்தது?" பக்கத்தில் நாலு வரி காலியாக விடுங்கள்.