எல்எஸ்6 மேனிஃபோல்ட் மாட்டுகிறேன், பின்பக்கக் கூலன்ட் குழாய் இடிக்கிறது

வணக்கம் நண்பர்களே, ஹூஸ்டனில் இருக்கிறேன். வண்டி 1999 கமாரோ இசட்28, 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சின். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பழைய இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, அதே குடும்பத்து எல்எஸ்6 எஞ்சினின் மேனிஃபோல்டை வைத்துப் பார்த்தால் சரியாக உட்காரவில்லை. அதன் அடிப்பாகம் தட்டை. அடியில் ஓடும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குழாயின் பின்பகுதியில் போய் இடிக்கிறது.

இந்த எஞ்சினில் இரண்டு ஹெட்டின் (சிலிண்டர்களின் மேல்மூடி) முன், பின் முனைகளிலிருந்து நான்கு வழியாகக் கூலன்டில் சேரும் ஆவியும் காற்றும் வெளியேறி, த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. 2001 முதல் வந்த எல்எஸ்1-இல் கம்பெனியே முன்பக்க இரண்டை மட்டும் குழாயில் இணைத்து, பின்பக்க இரண்டையும் மூடி போட்டு அடைத்துவிட்டது. அந்தக் குழாயும் மூடிகளும் வாங்கி வைத்திருக்கிறேன்.

பழைய குழாயைக் கழற்றியபோது பின்பக்கம் இருக்கும் ஏழாவது சிலிண்டர் பக்க கேஸ்கட்டில் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) ரப்பர் நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. ஓட்டையைச் சுற்றி ஆரஞ்சு நிறப் படிவு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: பின்பக்கத்தை அடைத்து ஓட்டியதில் ஏழு, எட்டாவது சிலிண்டர் பக்கம் சூடு ஏறியதா? த்ராட்டில் பாடி உறையாமல் இருக்கத்தான் அங்கே சூடான கூலன்ட் போகிறது; இங்கே பனி அபூர்வம், அதனால் அதற்குப் போகும் ரப்பர் குழாயை விட்டுவிட்டு நேராக ரேடியேட்டருக்கே இணைக்கலாமா? கூலன்ட் ஊற்றும்போது வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி வைத்தால் காற்று முழுசாக வெளியேறுமா? ஹெட் முகத்தைச் சுரண்டாமல் அந்தப் படிவை எதைக் கொண்டு எடுத்தீர்கள்? சனிக்கிழமை மாட்டலாம் என்றிருக்கிறேன், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.