புதுப்பிப்பு: அந்தமானிலிருந்து கப்பலில்தான் திரும்புகிறேன்

ஊர் திரும்ப விமானமா கப்பலா என்று சென்ற வாரம் உங்களிடம் கேட்டிருந்தேன். கப்பல்தான். நாளை மறுநாள் ஹாடோ துறைமுகத்திலிருந்து சென்னைக்குப் புறப்பாடு. சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள் கடல். அடுக்குப் படுக்கைகள் கொண்ட பங்க் வகுப்பில் டிக்கெட் கிடைத்துவிட்டது.

ஐந்து வாரம் முடிந்துவிட்டது என்பதை மனம் ஒப்ப மறுக்கிறது. திக்லிபூரில் 732 மீட்டர் உயர சேடில் பீக் ஏறிய ஷூவை இன்று கழுவினேன். தையல் இடுக்கிலிருந்து சேறு வந்துகொண்டே இருந்தது; கழுவி முடிக்கவே மனமில்லை. பவழத் துண்டு ஒன்றைக்கூடப் பையில் வைக்கவில்லை. எடுத்துவரத் தடை உண்டு, இருக்க வேண்டிய தடைதான்.

குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய் சொன்னவருக்கும், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு என்றவருக்கும் நன்றி. அவல், பேரீச்சம்பழம், ஒரு போர்வை தயார்.

நாளை செல்லுலார் சிறைக்கு இன்னொரு முறை போகிறேன். சிறகுபோல் விரிந்த ஏழு கட்டடப் பிரிவுகளில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. முதல் நாள் அவசரமாகப் பார்த்துவிட்டு வந்தது இன்னும் உறுத்துகிறது. இம்முறை அந்த அறைகளின் முன் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.