கலைச்சொல் வேண்டும்: மின் எஞ்சின் கூரைமேல் இருக்கும் பான்டோகிராஃபுக்கு

காரைக்குடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக் கண்காட்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ரயில் ஓட்டுகிறார்கள், நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., 12 வோல்ட். வழக்கமாக ஒரு தண்டவாளத்தில் மின்சாரம் வந்து மற்றதில் திரும்பும். நாங்கள் மேலேயும் கம்பி கட்டி, கம்பியில் வந்து ஒரு தண்டவாளம் வழியே திரும்பும்படி செய்திருக்கிறோம், அதனால் ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்ட முடிகிறது. விளக்க அட்டை நாளை அச்சுக்குப் போகணும். கம்பிக்கு ‘மேல்கம்பி’ என்று எழுதிவிட்டேன். அந்தக் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃபுக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-இலேயே வந்துவிட்டது, இத்தனை நாள் நாம் என்ன செய்தோம்?

தேவகோட்டையிலிருந்து:
தம்பி, ‘மின்கவர்’ என்று போடுங்கள். கவர் என்றால் கிளைத்துப் பிரிவது, கைக்கொள்வது, இரண்டும்தான். வட்டம் போடும் கவராயமும் அந்த வேரில் வந்தது என்பது என் துணிபு. பான்டோகிராஃப் என்பதே முதலில் படத்தைப் பார்த்துப் பெரிதாக வரையும் கருவிக்கு 17-ஆம் நூற்றாண்டில் வந்த பெயர், அதன் மடங்கும் சட்டங்களைப் பார்த்துத்தான் ரயிலுக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே பான்டோகிராஃபும் வரைகருவி, இங்கே கவராயமும் வரைகருவி, பொருத்தம் பாருங்கள்! அப்புறம் இன்னொன்று. ‘மின்’ என்ற சொல்லைத் தொழிற்பெயர் போலப் புணர்க்கச் சொல்கிறது நன்னூல், மின்னுக்கடிது என்பதுபோல. அப்படியானால் மின்கம்பி என்று நாம் எழுதுவது சரியா, மின்னுக்கம்பியா? இதையும் ஒருநாள் பேசித் தீர்க்க வேண்டும்.

பள்ளத்தூரிலிருந்து:
ஐயா கோபிக்கக் கூடாது, மின்துறையில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். அது எதையும் கவர்வதில்லை. அடியில் ஸ்பிரிங் தூக்கிக் கொடுக்க, மேலே உள்ள பட்டை கம்பியில் உரசிக்கொண்டே போகிறது. ஒரே இடத்தில் உரசினால் பட்டையில் பள்ளம் விழும், அதற்காகத்தான் 25,000 வோல்ட் நிஜப் பாதையில் கம்பியை ஒரு கம்பத்தில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் இழுத்துக் கட்டுகிறார்கள். ‘உரசுகொம்பு’ என்று வையுங்கள். தனிமடலில் ஒருவர் ‘தொரட்டி’ என்றார். எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆச்சி முருங்கைக்காய் பறிப்பதைப் பார்த்திருக்கிறேன், கொக்கியைக் காம்பில் மாட்டி ஒரு சுண்டு. தொரட்டி கீழே இழுக்கும், இது மேலே தள்ளும். ஒத்துவராது.

தேவகோட்டையிலிருந்து:
கவர்வது கம்பியை இல்லையம்மா, மின்சாரத்தை. உரசுவது அதற்கு வழி, மின்சாரம் எடுப்பதுதான் வேலை. கருவிக்கு வேலையை வைத்துத்தான் பெயர்.

காரைக்குடியிலிருந்து:
இரண்டையும் இன்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். மின்கவரைப் படித்ததும் ஒரு பையன், “எஞ்சினுக்குக் கவர் போடுவாங்களா சார்?” என்றான். உரசுகொம்புக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஒரு பிள்ளை எஞ்சினைக் கையில் எடுத்துப் பட்டையைத் தடவிப் பார்த்தாள், கம்பி பட்டுப்பட்டு நடுவில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. நாங்கள் கம்பியை நேராகக் கட்டிவிட்டோம், பள்ளத்தூர் அக்கா சொன்னபடி மாற்றிக் கட்டப் போகிறோம். எஞ்சினைத் திசைமாற்றி வைத்தபோது ஓடாமல் நின்றதற்கும் காரணம் தெரிந்துவிட்டது, ஒரு பக்கச் சக்கரம்தான் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது, அது எதிர்த் தண்டவாளத்துக்குப் போய்விடுகிறது. அட்டையில் ‘உரசுகொம்பு’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன் ஐயா, நேரம் இல்லை.

தேவகோட்டையிலிருந்து:
அச்சானது ஆகட்டும். என் குறிப்பேட்டில் மின்கவர்தான் இருக்கும். இராவணன் சீதையைக் கவர்ந்து சென்றான் என்று பாடத்தில் படிக்கிற பிள்ளைதானே அவனும்? கவர் இங்கிலீஷாய்க் கேட்கிறது என்று விட்டுவிட்டால், கால் என்ற சொல்லை என்ன செய்யப் போகிறோம்?