38 வயதில் இணையவழி எம்.பி.ஏ.: நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

பனியன் ஊர்க்காரி:

வணக்கம். திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் 14 ஆண்டுகளாக மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர் வந்தது முதல் கப்பலேறும் வரை பின்தொடர்வது. படிப்பு பி.காம். மேலாளர் பதவிக்கு இரண்டு முறை என் பெயர் அடிபட்டது. இரண்டு முறையும் எம்.பி.ஏ. முடித்த ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இரண்டாவதாக வந்தவருக்குத் துணியின் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) பார்க்கும் வட்டக் கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். நல்ல மனிதர், அவர்மீது கோபமில்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வீட்டில் மகள் பத்தாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் ஷிப்ட் வேலை. மாமியார் எங்களோடு இருக்கிறார், முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாது. காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழரை ஆகும். ஷிப்மெண்ட் போகும் வாரத்தில் பத்து மணி.

ஒரு விளம்பரத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டேன். அன்று முதல் ஒரு பெண் தினமும் அழைக்கிறார். கட்டணம் 1,75,000 ரூபாயாம், "இன்றைக்குள் சேர்ந்தால் தள்ளுபடி" என்கிறார். எந்த நாள் கேட்டாலும் அது "இன்று"தான். மாதத் தவணைக் கடனும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம்.

இந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா? உண்டு என்றால், படிக்கும் நேரத்தை எந்த மூலையிலிருந்து எடுத்தீர்கள்? முடித்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரன்:

முதலில் அந்தப் பெண்ணின் அழைப்பை எடுக்காதீர்கள் அம்மா. அவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராக இருக்கமாட்டார், நடுவிலிருக்கும் நிறுவனத்தின் ஆளாகத்தான் இருப்பார். தொலைநிலைப் படிப்பையும் இணையவழிப் படிப்பையும் வேறு நிறுவனத்துக்குக் கிளை உரிமை கொடுத்து நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 ஜனவரியிலேயே எச்சரித்திருக்கிறது. பட்டத்துக்குப் பொறுப்பு பல்கலைக்கழகம்தான். ஆகவே பேச்சும் பணமும் அவர்களிடம் நேராக இருக்கட்டும்.

அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியல் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில் ஆண்டுவாரியாக இருக்கிறது. நீங்கள் சேரப்போகும் பருவத்துக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் எம்.பி.ஏ. என்ற படிப்பும் இரண்டும் அதில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் இருந்து படிப்பு இல்லாவிட்டால் பயனில்லை. மேலாண்மைப் படிப்பு என்பதால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலையும் கேளுங்கள். யு.ஜி.சி.யின் அதே தளத்தில், சேருவதற்குத் தேவையான டெப் (தொலைநிலைக் கல்விப் பிரிவு) அடையாள எண் ஒன்றை உருவாக்க வேண்டும், அதை உங்கள் கையாலேயே செய்யுங்கள். முறையாக அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டம், நேரில் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. அறிவித்துவிட்டது.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு உண்டு, அதிகபட்சம் எட்டு ஆண்டுகளுக்கு. ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் வங்கியிலோ அரசு அறிவித்த நிதி நிறுவனத்திலோ அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனத்திலோ வாங்கிய கடனுக்கு மட்டும். செயலியில் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும் தவணைக்கு இது பொருந்துமா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கரூர் அக்கா:

தங்கச்சி, நான் 41 வயதில் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.பி.ஏ. சேர்ந்தேன். பஸ் கூண்டு கட்டும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுப் படிப்பை மூன்றரை ஆண்டில் முடித்தேன், அதில் வெட்கமில்லை. நான்கு ஆண்டு வரை அவகாசம் தருகிறார்கள். விளம்பரத்தில் இரண்டு ஆண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து நம்மைப் போன்றவர்கள் ஏமாறக் கூடாது.

எல்லோரும் சொல்வதைக் கேட்டு நானும் காலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தேன். விளக்கு எரிவதைக் கண்டதும் மாமியார் எழுந்துவிட்டார். "எழுந்ததுதான் எழுந்தாய், ஒரு காப்பி போடு" என்றார். காப்பி போட்டால் பால் பாத்திரம் கழுவ வேண்டும், அப்புறம் அடுப்பு மேடை. வீட்டில் விழித்திருக்கும் பெண் வேலைக்கு அகப்பட்டவள்தான். பதினோரு நாளில் விட்டுவிட்டேன்.

பிறகு அலுவலகத்திலேயே ஆறரையிலிருந்து ஏழரை வரை உட்கார்ந்தேன். காவலாளி அண்ணன் என் மேசைக்கு மேலுள்ள குழல்விளக்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடுவார். வீட்டில், இனி நான் எட்டு மணிக்குத்தான் வருவேன் என்று சொன்னேன். படிக்கிறேன் என்று சொன்னால் அழைப்பார்கள், வேலை நேரம் மாறிவிட்டது என்றால் அழைக்கமாட்டார்கள். பொய்யா என்று கேட்டால், பாதிதான்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக வீட்டில் ஒரு வேலை போக வேண்டும். மாவரைப்பதை நிறுத்திவிட்டுக் கடை மாவு வாங்கினேன். மாமியார் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. தோசையை மட்டும் சாப்பிட்டார்.

அளவுசார் பகுப்பாய்வுத் தாளில் முதல் முறை தோற்றேன். பி.காம். படித்த நமக்குக் கணக்கியல் பயமில்லை, புள்ளியியல்தான் கழுத்தைப் பிடிக்கும். அப்போது என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அவனுடைய வணிகக் கணிதமும் புள்ளியியலும் பாடநூலை எடுத்துப் பார்த்தேன். ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல், காலத்தொடர், குறியீட்டெண் எல்லாம் தமிழிலேயே இருந்தன. தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதினேன், அடுத்த முறை தேறிவிட்டேன். பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய். இக்னோவின் பாடப்புத்தகங்கள் எல்லாம் இ-ஞானகோஷ் தளத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன. கடினமான தாளில் ஓர் அலகை அச்செடுத்து, நீ நினைத்திருக்கும் அந்த நேரத்தில் ஒரு மாதம் படித்துப் பார். எத்தனை நாள் உட்கார முடிந்தது என்று நாட்காட்டியில் குறி. ஒரு மாதம் இலவசமாக முடியாதது இரண்டு லட்சம் கொடுத்தாலும் முடியாது.

பாதி நம்பிக்கை:

எதிர்க்கட்சியாக நான் ஒருவன் இருந்துவிட்டுப் போகிறேன். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இணையவழி எம்.பி.ஏ. முடித்து இரண்டு ஆண்டு ஆகிறது. சம்பளத்தில் அதனால் ஒரு ரூபாய் கூடவில்லை. படிப்பு மோசமில்லை. என் நிறுவனத்தில் பதவி உயர்வுக்கு எம்.பி.ஏ. ஒரு பொருட்டே இல்லை என்பதைச் சேரும்முன் நான் கேட்கவில்லை. நீங்கள் உங்கள் முதலாளியிடம் நேராகக் கேளுங்கள்: "இதுதான் குறையா, இதை முடித்தால் அடுத்த முறை என்னைப் பார்ப்பீர்களா?" அவர் மழுப்பினால் குறை பட்டத்தில் இல்லை.

இன்னொன்று, தேர்வு வீட்டிலா மையத்திலா என்று விசாரியுங்கள். எனக்கு வீட்டில், கேமரா முன்னால். வேறு முகம் தெரிந்தால் எச்சரிக்கை வரும். நிதி மேலாண்மைத் தேர்வின் நடுவில் என் ஐந்து வயது மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அப்பா, மேல் தொட்டி வழிகிறது" என்றாள். திரை நின்றுவிட்டது. அதைத் திறக்க வைக்க இருபது நிமிடம் போராடினேன். தொட்டி அதுவரை வழிந்துகொண்டுதான் இருந்தது.

பனியன் ஊர்க்காரி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சோம்பல் அல்ல, ஷிப்மெண்ட்தான் காரணம்.

அக்கா சொன்னபடி ஒரு மாதம் உட்கார்ந்தேன். 30 நாளில் 17 நாள்தான் முடிந்தது. உங்களைப் போல அலுவலகத்தில் இருக்க முடியவில்லை, ஏழு மணிக்குமேல் அங்கே பெண்கள் எவரும் இல்லை. மகன் கராத்தே வகுப்பில் இருக்கும் ஒரு மணி நேரம், அந்த மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். கொசுதான் தொல்லை.

படித்ததில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். வலைப்பின்னல் பகுப்பாய்வு என்று ஒரு பாடம். பார்த்தால் அது நாங்கள் ஒவ்வோர் ஆர்டருக்கும் போடும் "டைம் அண்ட் ஆக்‌ஷன்" அட்டவணைதான், எந்த வேலை எந்த நாளில் முடிய வேண்டும் என்பது! நூல், பின்னல், சாயம், கட்டிங், தையல், பேக்கிங். கையிலிருந்த ஓர் ஆர்டரைப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் பிசகினாலும் கப்பல் தவறிவிடும் பாதை சாயத்தின் வழியே போகிறது. லேபிளுக்கோ 11 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த லேபிள்காரரைத்தான் நான் தினமும் இரண்டு முறை போனில் விரட்டிக்கொண்டிருந்தேன். பாவம் மனிதர்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டே முதலாளியிடம் போனேன். சென்னை அண்ணா சொன்ன கேள்வியைக் கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "படிம்மா, கட்டணத்தில் ஏதாவது செய்யலாமா என்று பார்க்கிறேன்" என்றார். இதை மழுப்பலில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மகளின் பொதுத்தேர்வு முடிந்ததும் ஜூலைப் பருவத்தில் இக்னோவில் சேர்கிறேன், நான்கு ஆண்டுத் திட்டத்தோடு. அந்தப் பெண்ணின் அழைப்பை நிறுத்தியாயிற்று. கடை மாவு விஷயத்தைத்தான் வீட்டில் இன்னும் எடுக்கவில்லை. அக்கா, நீங்கள் முதலில் யாரிடம் சொன்னீர்கள், மாமியாரிடமா, வீட்டுக்காரரிடமா?