எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5இலிருந்து ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கு: விண்டோஸைத் திரும்பப் போடாமல் மாறலாமா?

உவர்மலை_பிசி:
இப்ப ஓடுறது ஐ5 8400, டிடிஆர்4. மாற்றப்போறது ரைசன் 5 7600, பி650 மதர்போட், டிடிஆர்5 6000 ராம் 16 ஜிபி இரண்டு. கேஸ், 550 வாட் பவர் சப்ளை, விண்டோஸ் 11 இருக்கிற எஸ்எஸ்டி மூன்றும் பழையதுதான். அதே விண்டோஸோட ஏறுமா? திருகோணமலையில கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போறதால பயோஸ் (போட்டை எழுப்புற அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் யோசனையா இருக்கு.

நிலாவெளி_ரிப்பேர்:
ஏறும் தம்பி. ஆனால் பழைய போட்டைக் கழற்ற முதல் வேலை இருக்கு. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டுற விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் நிறுத்துங்கோ. அதின்ர சாவியை வைச்சிருக்கிற டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி பழைய மெஷினோட போயிடும். புதுப் போட்டில 48 இலக்கச் சாவி கேட்கும், அது கையில இல்லாட்டி டிஸ்க்கில இருக்கிறது அவ்வளவும் போச்சு. பின் நம்பரும் அதே காரணத்தால வேலை செய்யாது, மைக்ரோசொஃப்ட் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் தெரிஞ்சிருக்க வேணும். லைசன்ஸையும் அந்த அக்கவுண்டோட இணைச்சு வையுங்கோ. ஓஇஎம் (மெஷினோடயே சேர்ந்து வந்த) லைசன்ஸ் என்றால் பழைய போட்டோடயே நின்றிடும்.

பழைய பயோஸில சாட்டா மோட் (டிஸ்க்கோட பேசுற முறை) இன்டெலின்ர ஆர்எஸ்டி என்று இருந்தால், விண்டோஸை சேஃப் மோடுக்கு செட் பண்ணிப்போட்டு பொதுவான ஏஎச்சிஐ முறைக்கு மாற்றி ஒருக்கா எழுப்புங்கோ. இல்லாட்டி நீலத்திரைதான். புதுப் போட்டின்ர லான் (நெட்வேர்க்) டிரைவரை பென்டிரைவில எடுத்து வையுங்கோ, நெட் இல்லாமல் நெட் டிரைவர் இறக்க ஏலாது.

உப்புவெளி_கணினி:
முதல் தடவை பவர் போட்டதும் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும், போட்டில் டிராம் என்று எழுதிய சின்ன லைட் எரியும். செத்துவிட்டது என்று நினைத்து ஓஃப் பண்ண வேண்டாம். டிடிஆர்5 ராமுக்கு ஏற்ற நேரக்கணக்கை போட் தானே தேடுகிறது. சில நிமிடம் எடுக்கும், பழைய பயோஸில் 10 நிமிடம்கூடப் போகலாம். பயோஸ் மாற்றினாலும் சீமோஸ் (பயோஸ் செட்டிங் சேமிப்பு) அழித்தாலும் திரும்ப முதலிலிருந்து தேடும். இடையில் கரண்ட் போனால் ஒன்றும் கெடாது.

அதற்குப் பிறகும் படம் வராவிட்டால் ஒரு ராமை மட்டும், சிபியுவிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டையும் போடும்போது இரண்டாவதும் நாலாவதும். கிராஃபிக்ஸ் கார்டையும் கழற்றிவிடலாம், 7600க்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கு, கேபிளைப் போட்டில் குத்தினால் சரி.

எக்ஸ்போவை (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் பயோஸ் செட்டிங்) ஓன் பண்ண முதல் பயோஸ் அப்டேட் கட்டாயம். எக்ஸ்போ போட்டதும் சிபியுவுக்குள் ராமைக் கையாளும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் கூடும், 2023இல் சிப்கள் எரிந்த பிறகுதான் அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்ட பயோஸ் வந்தது. அப்டேட்டை யூபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள். போட்டில் ஃப்ளாஷ்பேக் (பென்டிரைவிலிருந்து பயோஸைத் திரும்ப எழுதும்) பட்டன் இருந்தால், பாதியில் கரண்ட் போனாலும் ஃபேட்32 பென்டிரைவால் மீட்கலாம்.

உவர்மலை_பிசி:
நன்றி அண்ணா. பழைய இன்டெல் கூலரைப் போடலாமா?

நிலாவெளி_ரிப்பேர்:
ஏஎம்4 (ஏஎம்5க்கு முந்தின சாக்கெட்) பிராக்கெட் இருந்தால் மட்டும். அதுவும் போட்டுக்குப் பின்னால தன்ர தகடு கேட்கிற கூலர் சரிவராது, ஏஎம்5இல அந்தத் தகடு சாக்கெட்டையே பிடிச்சுக்கொண்டு நிற்குது. 7600 பெட்டிக்குள்ள வாற கூலர் போதும். முழு வேலையில 88 வாட் வரைக்கும்தான் இழுக்கும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில ஃபேன் சத்தம் கூடும், அவ்வளவுதான். போட்டின்ர முன்பக்கத்தில இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் பிராக்கெட்டையும் கழற்றிப்போட்டு நாலு ஸ்க்ரூவையும் குறுக்குமறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்கோ.

இதில பின் (மெல்லிய ஊசிகள்) சிபியுவில இல்லை, சாக்கெட்டில. விரல் படக்கூடாது. சாக்கெட்டுக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியை எறியாதேங்கோ, அது இல்லாட்டி வாரண்டிக்கு எடுக்கத் தயங்குவாங்கள்.