பாப்பாவின் கணக்கு: எந்தத் தளம் சரி?

நான் (காலை 7:42)
பெரியப்பா, அண்ணி, எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவின் கணக்கைப் பற்றி உங்கள் கருத்து எனக்கு வேண்டும். வயது ஏழுதான் ஆகிறது. ஆனால் வகுப்பில் நடக்கும் கூட்டல், கழித்தல்களை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே வந்தவள், ஒன்றும் மூன்றும் நான்கு, அதோடு ஐந்தைச் சேர்த்தால் ஒன்பது, ஏழையும் சேர்த்தால் பதினாறு, ஏன் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கிய விடையே வருகிறது என்று கேட்டாள். எனக்கு விளக்கத் தெரியவில்லை. இணையவழிக் கணக்குப் பயிற்சி ஒன்றில் சேர்க்கலாம் என்று தேடினால், எல்லாத் தளங்களும் தங்களை அதிமேதைக் குழந்தைகளுக்கானவை என்றே சொல்லிக்கொள்கின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

தங்கை (காலை 7:58)
அக்கா, ஐஎக்ஸ்எல் தளத்தைப் பாருங்கள். வயதைப் பொருட்படுத்தாமல் எந்த வகுப்பின் பாடத்தையும் திறந்துகொள்ளலாம். அவள் எங்கே தடுமாறுகிறாள் என்பதும் அறிக்கையாக உங்களுக்கு வந்துவிடும்.

அண்ணி (காலை 8:10)
அறிக்கை நமக்குப் பிடிக்கும், குழந்தைக்குப் பிடிக்குமா என்பதுதான் என் ஐயம். அந்தத் தளத்தில் நூறு வரை ஏறும் மதிப்பெண் முறை ஒன்று உண்டு. தொண்ணூறைத் தாண்டிய பிறகு ஒரு விடை தவறினாலும் மதிப்பெண் சட்டென்று இறங்கிவிடும். கற்ற பாடத்தை உறுதிப்படுத்த அது நல்ல முறைதான். ஆனால் என் வகுப்பில் நான் பார்த்த அளவில், எல்லாவற்றையும் எளிதாகச் செய்து பழகிய பிள்ளைகளே தவறுக்கு மிகவும் அஞ்சுகிறார்கள். மதிப்பெண் இறங்கிவிடும் என்று தெரிந்தால், புரியாத கணக்கைத் தொடாமல் தெரிந்த கணக்குகளையே மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பெரியப்பா (காலை 8:36)
அவள் கேட்ட கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். எந்தத் தளம் வேண்டும் என்பதற்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. மேசைமீது ஒரு பொத்தானை வை. அதற்கு வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று, மூலையில் ஒன்று என மூன்றைச் சேர்த்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம் கிடைக்கும். அதே இரு பக்கங்களை ஒட்டி ஐந்து பொத்தான்களை அடுக்கினால் மூன்றுக்கு மூன்று சதுரம். ஒவ்வொரு சுற்றிலும் ஓரத்தில் சேரும் பொத்தான்கள் முந்தைய சுற்றைவிட இரண்டு கூடுதலாக இருக்கும். அதனால்தான் ஒற்றைப்படை எண்கள் சேரச் சேரச் சதுரம் வளர்கிறது. இதை நீ விளக்காதே. பொத்தான்களைக் கொடுத்து அவளையே அடுக்கச் சொல்.

இப்போது தளத்துக்கு வருகிறேன். இத்தகைய பிள்ளைக்கு இரண்டு வழிகள் உண்டு: அடுத்தடுத்த வகுப்புப் பாடங்களை விரைவாக முடித்துக்கொண்டு போவது ஒன்று, இருக்கும் பாடத்திலேயே ஆழமாக இறங்குவது மற்றொன்று. பெரும்பாலான செயலிகள் முதல் வழியில்தான் வல்லவை. ஏனென்றால் விரைவைக் கணினியால் எளிதில் அளக்க முடியும். ஒரு கணக்கு தருகிறேன், பாருங்கள். ஒன்பதை 4, 5 என்ற அடுத்தடுத்த இரு எண்களின் கூட்டலாக எழுதலாம். பதினைந்தை 7, 8 என்றும் எழுதலாம், 4, 5, 6 என்றும் எழுதலாம். பூச்சியத்தைச் சேர்க்காமல், ஒன்று முதல் முப்பது வரை உள்ள எண்களில் எவற்றை இப்படி எழுதவே முடியாது? கூட்டல் மட்டும் தெரிந்த குழந்தை இதைத் தொடங்கிவிடலாம், ஆனால் அந்த எண்கள் ஏன் சிக்குவதில்லை என்று சொல்வதற்குப் பெரியவர்களே திணறுவார்கள். இத்தகைய கணக்குகளைத் தரும் தளம் எது என்று தேடு.

தங்கை (காலை 8:51)
பெரியப்பா, 1, 2, 4, 8, 16 ஆகிய ஐந்தும்தானே?

பெரியப்பா (காலை 8:53)
ஆமாம், ஆனால் காரணத்தையும் எழுதினால்தான் ஒப்புக்கொள்வேன்.

நான் (காலை 9:05)
ஆழமாக இறங்குவது சரி, பெரியப்பா. ஆனால் அவள் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறாள் என்றே எனக்குத் தெரியவில்லை. பள்ளித் தேர்வில் எப்போதும் முழு மதிப்பெண்தான் வாங்குகிறாள்.

பெரியப்பா (காலை 9:20)
முழு மதிப்பெண் எதையும் சொல்லாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் கணிதத்தில் முந்தி நிற்கும் சிறுவர்களைப் பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கினார். கல்லூரியில் சேரவிருக்கும் மாணவர்களுக்கான எஸ்ஏடி தேர்வை அவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வைத்தார். அவர்கள் வயதுக்குரிய தேர்வில் எல்லோருமே உச்சத்தைத் தொட்டுவிடுவதால், ஒருவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது அதில் தெரிவதில்லை. நமக்கு எஸ்ஏடி தேவையில்லை. ஆனால் அந்த முறையை நாமும் கைக்கொள்ளலாம். கான் அகாடமி இலாப நோக்கற்ற நிறுவனம், அங்கே பாடங்களும் பயிற்சிகளும் இலவசம். மூன்றாம் வகுப்பின் அலகுத் தேர்வுகளை எடுத்து, பிறகு நான்காம் வகுப்பு என மேலே போ. எங்கே திணறத் தொடங்குகிறாளோ அதுதான் அவளுடைய நிலை.

அண்ணி (காலை 9:34)
இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வயதில் கணக்கறிவு முன்னே ஓடும்; வாசிப்பும் கையெழுத்தும் பின்னாலேயே நிற்கும். நீண்ட கேள்வியைப் படிக்க முடியாமல் விடையைத் தவறவிட்டால் அதைக் கணக்கில் வந்த குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை வாசித்துக் காட்டு, அவள் சொல்லும் விடையை நீயே தட்டச்சு செய். நொடிகளைக் கணக்கிடும் தளங்களை முற்றிலும் தவிர்த்துவிடு. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் வேகப் போட்டி நடத்தும் நேரலை வகுப்பு ஒன்றில் சேர்ந்த பிறகு, யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வதையே தோல்வி என்று நினைக்கத் தொடங்கிவிட்டான்.

தங்கை (காலை 9:47)
அப்படியென்றால் பீஸ்ட் அகாடமி பொருந்தும் என்று தோன்றுகிறது. ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் என்ற நிறுவனத்தின் படைப்பு அது. சிறு பூதங்கள் ஒரு பள்ளியில் கணக்குப் படிக்கும் படக்கதையாகவே பாடம் போகிறது. மொத்தம் ஐந்து நிலைகள். மூன்றாம் நிலையிலேயே முழு வர்க்க எண்களுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது, அக்கா. பாப்பா பொத்தான்களை அடுக்கிப் பார்க்கப்போவது அதைத்தான். அதே நிலையில் எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துக் கணக்குப் போடவும் கற்றுத் தருகிறார்கள். அச்சுப் புத்தகங்களாகவும் கிடைப்பதால், திரை நேரம் கவலையென்றால் அவற்றை மட்டுமே வாங்கிக்கொள்ளலாம்.

நான் (காலை 10:02)
படக்கதை ஆங்கிலத்தில்தானே இருக்கும்? அவளால் அவ்வளவு வாசிக்க முடியுமா?

அண்ணி (காலை 10:15)
முதலில் நீ வாசித்துக் காட்டத்தான் வேண்டும். என் கருத்தில் அது குறையே இல்லை. ஒன்றாக வாசிக்கும்போது அவள் எந்த இடத்தில் சிரிக்கிறாள், எந்த இடத்தில் "இரு, இரு" என்று உன்னை நிறுத்துகிறாள் என்பது எந்த அறிக்கையும் சொல்லாத செய்தி. ப்ராடிஜி போன்ற விளையாட்டுச் செயலிகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றில் கணக்கு விளையாட்டின் நடுவே வந்து போகிறது. கணக்கைக் கண்டாலே ஓடும் பிள்ளைக்கு அது உதவலாம். இவளுக்கோ கணக்கே விளையாட்டாக இருக்கிறது, அதன்மேல் இன்னொரு விளையாட்டை எதற்குப் பூச வேண்டும்?

பெரியப்பா (காலை 10:31)
அதை ஒப்புக்கொள்கிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் தளத்தையும் குறித்துக்கொள். அதுவும் இலவசம். யாரும் தொடங்கக்கூடியதாகவும், தொடங்கிய பிறகு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகக்கூடியதாகவும் இருக்கும் புதிர்களை வயதுவாரியாகத் தொகுத்திருக்கிறார்கள். மதிப்பெண் கிடையாது. ஒரு புதிரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கணினியை மூடிவிடலாம்.

நான் (காலை 10:48)
இப்படிச் செய்கிறேன். முதலில் கான் அகாடமியின் அலகுத் தேர்வுகளை அவளுடன் உட்கார்ந்து பார்த்து, எந்த இடத்தில் நிற்கிறாள் என்று தெரிந்துகொள்கிறேன். அதன்படி பீஸ்ட் அகாடமியில் ஒரு நிலையைத் தொடங்குகிறேன். என்ரிச் புதிர்கள் விடுமுறை நாட்களுக்கு. கான் அகாடமி இடையில் விட்டுப்போன பாடங்களை நிரப்ப மட்டும். ஆண்டுச் சந்தாவாகக் கட்டிவிடலாமா?

அண்ணி (காலை 10:55)
வேண்டாம், மாதச் சந்தாவாகவே தொடங்கு. ஆண்டுக்கும் கட்டிவிட்டால், அவளுக்குப் பிடிக்காமல் போனாலும் பணம் கட்டியாயிற்றே என்று நாம்தான் அவளை விரட்டுவோம்.

தங்கை (காலை 11:03)
தளத்தில் பயனர் கணக்கை உங்கள் மின்னஞ்சலில் திறந்து, அவளுடைய பெயருக்குப் பதில் ஒரு புனைபெயரைக் கொடுங்கள் அக்கா. இன்னொன்று, பீஸ்ட் அகாடமியின் நிலை எண்ணும் வகுப்பு எண்ணும் ஒன்றாகத் தோன்றினாலும் அதன் கணக்குகள் அந்த வகுப்பின் வழக்கமான கணக்குகளைவிடக் கடினமானவை. கான் அகாடமியில் நான்காம் வகுப்பு வரை தடையின்றிப் போனாலும், இங்கே மூன்றாம் நிலையிலிருந்தே தொடங்குங்கள்.